தாருக்குள் ஊறும் டயர்: ரப்பர் சாலை எப்படி உருவாகிறது?

மழைக்காலம் தொடங்கியதும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மொட்டை மாடிகளிலும் பஞ்சர் கடை ஓரங்களிலும் முதலில் தேடுவது பழைய டயர்களைத்தான். எப்படிப் புரட்டிப் போட்டாலும் டயரின் உள்மடிப்பில் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். வெயிலும் அங்கே படாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. சரி, புதைத்துவிடலாம் என்றால் டயர் மக்காது. முழு டயராகப் புதைத்தால் குப்பைமேட்டு வாயு அதற்குள் சேர்ந்து, நாளடைவில் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிடும். எரிப்பது அதைவிட மோசம். 1990 பிப்ரவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹேகர்ஸ்வில் என்ற ஊரில் ஒரு கோடிக்கும் அதிகமான டயர்கள் குவிந்திருந்த கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க 17 நாட்கள் ஆயின. எரிந்த டயர்களிலிருந்து வழிந்த எண்ணெய் நிலத்துக்குள் இறங்கியது.

இந்தப் பொருளைப் பொடியாக்கிச் சாலைத் தாரில் கலக்கலாம் என்ற யோசனை அறுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "குப்பைக்கு ஒரு வழி பிறந்தது" என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டயர்த்தூள் கலந்த தார் சரியாகத் தயாரிக்கப்பட்டால் சாதாரணத் தாரைவிட நல்ல தார். சரியாகத் தயாரிக்காவிட்டால், கிடங்கில் கிடந்த குப்பையை நடுச்சாலையில் பரப்பியதாகத்தான் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சூடு, நேரம், கிளறல், சோதனை ஆகிய சில எளிய விஷயங்கள். அவற்றைப் புரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

உருகாத பொருள்

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். அதை வைத்துச் சக்கரம் செய்ய முடியாது. 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் தொகுப்பு. கந்தகம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஆங்காங்கே பிணைத்துவிடுகிறது. அதன் பிறகு இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். வல்கனைசிங் என்று பஞ்சர் கடைப் பலகைகளில் எழுதியிருப்பது இந்த வேலையைத்தான்.

இந்தப் பிணைப்புக்கு ஒரு விலை உண்டு. ஒரு முறை பிணைந்த ரப்பர் மீண்டும் உருகாது. பிளாஸ்டிக் பையைச் சூடாக்கினால் இளகி வழியும்; டயரைச் சூடாக்கினால் இளகாது, சூடு ஏற ஏறக் கருகும். நம் ஊரில் பலருக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்காக அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த முறையில் சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவுவார்கள். அவை உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். அதற்குமேல் தார் சேரும். உருகும் தன்மைதான் அந்த முறைக்கு அடிப்படை. டயர் ரப்பருக்கு அந்த வழி இல்லை. அது தாருக்குள் போய் வேறொரு வேலை செய்கிறது.

டயரில் ரப்பர் மட்டும் இல்லை. எடையில் ஏறத்தாழப் பாதிதான் ரப்பர். அதிலும் லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரில் செயற்கை ரப்பர் அதிகம். மீதியில் பெரும்பங்கு கார்பன் பிளாக் என்னும் கரித்தூளும் எஃகுக் கம்பியும். கூடவே எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, நைலான் இழை, ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் சில வேதிப்பொருள்கள். கம்பியையும் இழையையும் எடுத்துவிட்டால் மற்றவை எல்லாம் தூளோடு சேர்ந்தே தாருக்குள் போகும். கரித்தூளும் காற்றின் தாக்குதலைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் தாருக்கும் உதவுகின்றன என்பது கூடுதல் நன்மை.

தாரின் குறை என்ன?

நாம் பேச்சில் தார் என்று சொல்வது, கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமின். ஜல்லியை ஒட்டவைக்கும் பசை அது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பதால்தான் அதைக் கொண்டு சாலை போட முடிகிறது. சாலை போட்ட பிறகு அதே குணம் பகையாகிறது.

ஆய்வகத்தில் இதை அளக்க ஓர் அழகான சோதனை இருக்கிறது. சிறிய பித்தளை வளையத்தில் தாரை ஊற்றி ஆறவைப்பார்கள். அதன் நடுவில் 3.5 கிராம் எடையுள்ள ஓர் எஃகுக் குண்டை வைத்து, வளையத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். தார் மெல்ல இளகும். குண்டு அதைத் தொட்டில்போல் கீழே இழுத்துக்கொண்டு இறங்கும். 25 மி.மீ. கீழே உள்ள தட்டைத் தொடும்போது வெப்பமானி காட்டுவதுதான் அந்தத் தாரின் மென்மையாகும் வெப்பநிலை. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் வி.ஜி. 30 என்ற தாருக்கு இது குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஆனால் சித்திரை வெயிலில் கருஞ்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். பஸ் நிறுத்தத்திலும் சிக்னலிலும் சாலை ஏன் அலையலையாக மடிந்து கிடக்கிறது, லாரிச் சக்கரம் போகும் தடம் ஏன் வாய்க்காலாகக் குழிகிறது என்பதற்கு விடை இந்த இடைவெளியில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் முதுமை. காற்றும் வெயிலும் பட்டுப் பட்டுத் தார் ஆண்டுக்கு ஆண்டு இறுகிப்போகிறது. இறுகிய தார் வளையாது. வளையாததன்மேல் சுமை போனால் வெடிக்கும். அந்த வெடிப்பில் மழைநீர் இறங்கும். அடுத்த மழைக்கு அது பள்ளமாகும். வெயிலுக்கு இளகாமலும், வயதானால் விறைக்காமலும் இருக்கும் தார் வேண்டும். சங்கிலிப் பிணைப்புள்ள ரப்பரிடம் இந்த இரண்டு குணங்களும் இருக்கின்றன.

ரப்பர் தாரைக் குடிக்கிறது

டயர்த்தூளைச் சுமார் 190 டிகிரி சூட்டில் இருக்கும் தாரில் கொட்டிக் கிளறும்போது நடப்பதை ஜவ்வரிசிப் பாயசத்தை வைத்து விளக்கலாம். ஜவ்வரிசி கரைவதில்லை, நீரை உறிஞ்சி ஊதுகிறது. அது ஊத ஊதப் பாயசம் கெட்டியாகிறது. அடுப்பில் அதிக நேரம் விட்டுவிட்டால் மணிகள் குழைந்து கஞ்சியாகிவிடும். டயர்த்தூளும் அப்படித்தான். தாரில் இருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள லேசான பகுதிகளை உறிஞ்சி, ஒவ்வொரு துகளும் தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை ஊதும். கலவை கெட்டிப்படும். இதற்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குமுன் எடுத்தால் ரப்பர் வெறும் தூளாகத்தான் இருக்கும், தாரோடு உறவாடியிருக்காது. மிகையான சூட்டில் பல மணி நேரம் விட்டால் கந்தகப் பிணைப்புகள் அறுந்து, கலவை மறுபடியும் நீர்த்துப்போகும். அப்போது உள்ளே ரப்பர் இருக்கும், ஆனால் ரப்பரின் குணம் இருக்காது.

இந்தப் பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாக் கலவையும் ஒரே கறுப்பு. கலிபோர்னியாவில் வேலை நடக்கும் இடத்திலேயே கையடக்கக் கருவி ஒன்றால் அளக்கிறார்கள். ஒரு டப்பாவில் சூடான கலவையை எடுத்து, 190 டிகிரியில் சிறிய சுழலியை அதற்குள் இறக்கி, எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். அளவு 1,500 முதல் 4,000 சென்டிபாய்ஸுக்குள் இருந்தால்தான் அதை ஜல்லியோடு சேர்க்க அனுமதி. தண்ணீரின் கெட்டித்தன்மை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ் என்பதை வைத்து இது எவ்வளவு கெட்டி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கெட்டியாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சாதாரணத் தாரை அதிகமாக ஊற்றினால் ஜல்லியில் நிற்காமல் வடிந்துவிடும். அதனால் கலவை எடையில் 5 சதவீதம் அளவுக்குத்தான் சேர்ப்பார்கள். ரப்பர் கலந்த தார் வடியாது. 7, 8 சதவீதம் வரைகூடச் சேர்க்கலாம். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் தடித்த போர்வை கிடைக்கிறது. போர்வை தடித்தால் காற்று உள்ளே புகுந்து தாரை முதுமையாக்குவது தாமதப்படும், வெடிப்பும் தள்ளிப்போகும். ரப்பர் சாலையின் நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் இந்தத் தடிமன்தான் என்பது என் கணிப்பு.

அரிசோனாவில் தொடங்கிய கதை

இந்த முறையை உருவாக்கியவர் சார்லஸ் மெக்டொனால்ட். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகராட்சியின் கட்டுமானப் பொருள் பொறியாளர். வேலைக்காக ஊர் ஊராகச் சென்ற காலத்தில் அவர் தங்கியிருந்த வண்டிவீட்டின் கூரை ஒழுகியது என்றும், பூசிய தார் வெயிலில் மீண்டும் மீண்டும் வெடித்ததைப் பார்த்து ரப்பர் சேர்க்கும் எண்ணம் வந்தது என்றும் சொல்லப்படுகிறது. பீனிக்ஸ் பாலைவன நகரம். கோடையில் 45 டிகிரி அங்கே சாதாரணம். முதலைத்தோல்போல் வெடித்த சாலைகளை என்ன செய்வது என்பது அவருடைய அன்றாடக் கவலை. 1960-களின் நடுவில், சூடான தாரில் டயர்த்தூளை ஊறவைத்து, வெடித்த இடங்களில் சிறு சிறு சதுரங்களாகப் பூசி, மேலே பொடி ஜல்லி தூவினார். அந்த ஒட்டுகள் தாங்கின. பிறகு முழுச் சாலைக்கும் மேற்பூச்சாகவும், அதன்பின் புதிய சாலைக் கலவையாகவும் அது வளர்ந்தது.

தாரில் முதலில் ரப்பரை ஊறவைக்கும் இதை ஈரமுறை என்கிறார்கள். அமெரிக்கத் தரநிலைப்படி மொத்தக் கலவையில் குறைந்தது 15 சதவீதம் டயர் ரப்பர் இருந்தால்தான் அதற்கு ரப்பர் தார் என்ற பெயர். இன்னொன்று உலர்முறை: ஸ்வீடனில் 1960-களில் தோன்றியது. அதில் ரப்பர்த் துணுக்கை ஜல்லியின் ஒரு பகுதியாகவே சேர்த்துவிடுவார்கள். ஊறுவதற்கு நேரம் கிடையாது. செய்வது எளிது, நம்புவது கடினம். சாதாரணக் கலவையில் பெரிய கல், நடுத்தரக் கல், பொடி என்று எல்லா இடைவெளியும் நிரம்பியிருக்கும். அதற்குள் ரப்பர் புகுந்தால் கற்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும், ரோலர் ஏறி இறங்கியதும் சாலை சற்றே எழும்பும். அதனால்தான் ரப்பர் கலவைக்கு நடுத்தர அளவுக் கற்களைக் குறைத்து, ரப்பருக்கு இடம் விட்டு ஜல்லியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டயரைப் பொடியாக்கவும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாதாரண வெப்பத்தில் பற்சக்கரங்களுக்கு இடையே விட்டுக் கிழித்து அரைப்பது. மற்றொன்று, மைனஸ் 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் விறைக்கவைத்துச் சுத்தியலால் உடைப்பது. இரண்டாவது கண்ணாடிபோல் வழவழப்பான துகளைத் தரும். முதலாவது பிய்ந்த, சொரசொரப்பான துகளைத் தரும். பார்க்க அழகு இல்லாவிட்டாலும் தாருக்கு ஏற்றது பிய்ந்த துகள்தான். அதன் பரப்பளவு அதிகம் என்பதால் விரைவாக உறிஞ்சும். எஃகுக் கம்பியைக் காந்தம் இழுத்துவிடும், நைலான் இழையைக் காற்று ஊதிப் பிரித்துவிடும்.

சட்டம் கட்டாயப்படுத்தியபோது

1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு போக்குவரத்துச் சட்டம் இயற்றியது. மத்திய நிதியில் போடும் தார்ச் சாலைகளில் 1994-இல் 5 சதவீதம் டயர் ரப்பர் கலந்ததாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏற்றி 1997-இல் 20 சதவீதமாக்க வேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. நோக்கம் நல்லது. டயர் மலைகள் அப்போது நாடு முழுவதும் எரிந்துகொண்டும் கொசு வளர்த்துக்கொண்டும் இருந்தன. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் கலவையைச் செய்து பழகியவர்களே இல்லை. அனுபவமும் கருவியும் இல்லாமல் சாலை போட்ட இடங்களில் தோல்விகள் வந்தன, செலவும் ஏறியது. மாநிலங்கள் எதிர்த்தன. 1995-இலேயே அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

இந்த நிகழ்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதே காலத்தில் அரிசோனா, கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்கள் அந்தக் கட்டாயம் போன பிறகும் ரப்பர் சாலையைத் தொடர்ந்து போட்டன, இன்றும் போடுகின்றன. அரிசோனாவும் கலிபோர்னியாவும் டயரை ஒழிக்கும் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. வெடிக்கும் சாலையிலிருந்து தொடங்கின. 1983-இல் கலிபோர்னியாவின் ரேவன்டேல் என்ற இடத்தில் ரப்பர் தாரை வெவ்வேறு தடிமனில் போட்டுப் பார்த்தார்கள். மெல்லிய ரப்பர் அடுக்கு, அதைவிடத் தடித்த சாதாரண அடுக்கைக் காட்டிலும் நன்றாக நின்றது. அத்தகைய அனுபவங்களின் பேரில், வெடித்த சாலையின்மேல் போடும் புது அடுக்கின் தடிமனைப் பாதிவரை குறைக்க அந்த மாநிலம் அனுமதிக்கிறது. ரப்பர் தாரின் டன் விலை அதிகம். ஆனால் பாதித் தடிமன் போதுமென்றால் மொத்தச் செலவு வேறு மாதிரி வரும். விலையை ஒப்பிடும் பலர் இந்த இரண்டாவது வரியைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை டயர் போகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒரு கிலோமீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 40 மி.மீ. தடிமன் என்றால் கலவை சுமார் 320 டன். அதில் 7.5 சதவீதம் ரப்பர் தார், அதாவது 24 டன். அதில் 18 சதவீதம் டயர்த்தூள் என்றால் 4.3 டன். ஒரு கார் டயரிலிருந்து ஐந்தரைக் கிலோ தூள் கிடைக்கும் என்று வைத்தால், ஒற்றைத் தடத்தின் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 780 டயர்கள்.

ஓசை குறைவது இன்னொரு பலன். 2003-இல் தொடங்கி பீனிக்ஸின் கான்கிரீட் விரைவுச்சாலைகள்மேல் ஓர் அங்குல ரப்பர் தார் போட்டார்கள். சக்கர இரைச்சல் குறைந்ததைப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் உடனே உணர்ந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பலன் தேய்ந்தது. அடுக்கும் தேய்ந்தபோது, சில தடங்களில் அதை அகற்றிவிட்டுக் கான்கிரீட்டையே வைரப் பல் இயந்திரத்தால் மழிக்கும் முறைக்கு அரிசோனா மாறியது. எல்லா இடத்துக்கும் ரப்பர் சாலைதான் விடை என்று சொல்லிவிட முடியாது.

சிக்கல்கள்

வேலை நடக்கும் இடத்தில் சூடு அதிகம் தேவை, ரப்பர் வாடையும் புகையும் கூடுதலாக எழும். தார் ஊற்றும் தொழிலாளிதான் அதை முதலில் சுவாசிக்கிறார் என்பதால், குறைந்த சூட்டில் கலக்க உதவும் சேர்க்கைகளைப் பயன்படுத்துவது கட்டாயமாக வேண்டும் என்று நினைக்கிறேன். கலவை ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும், ஆறினால் ரோலர் ஏறினாலும் நெருங்கி அமராது. ரப்பர் சக்கர ரோலரை இதில் ஏற்றக் கூடாது. சக்கரத்தின் ரப்பர், கலவையின் ரப்பரோடு ஒட்டிச் சாலையைப் பிய்த்துக்கொண்டு வரும். எஃகு உருளை ரோலர்தான் வேண்டும். போக்குவரத்தைத் திறக்கும் முன் மேலே மணல் தூவுவதும் இதே ஒட்டலைத் தவிர்க்கத்தான்.

சுற்றுச்சூழலில் ஒரு தீவிரமான கேள்வி இருக்கிறது. டயரில் விரிசல் விழாமலிருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் ஒரு பொருள், மழைநீரோடு ஓடைகளில் சேர்ந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஓடும் டயர் தேய்ந்து உதிரும் தூள்தான் அங்கே பேசப்பட்டது. தாருக்குள் சிறைப்பட்ட துகள் அதே அளவு வெளியேறாது என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனாலும் அளந்து பார்த்தே சொல்ல வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில்

இங்கே டயர்த்தூள் கலந்த தார், கிரம்ப் ரப்பர் மாடிஃபைடு பிட்டுமின் என்பதன் சுருக்கமான சி.ஆர்.எம்.பி. என்ற பெயரில் அறியப்படுகிறது. 2004-இன் ஐ.எஸ். 15462 என்ற இந்தியத் தரநிலை இதைக் குளிர்ப் பகுதிக்கு 50, மிதமான பகுதிக்கு 55, வெப்பப் பகுதிக்கு 60 என்று மூன்று வகையாகப் பிரித்தது. அந்த எண்கள் எஃகுக் குண்டு சோதனையில் வர வேண்டிய குறைந்தபட்ச வெப்பநிலையேதான். 2019-இல் ரப்பர் தாருக்கென்றே ஐ.எஸ். 17079 என்ற தனித் தரநிலை வந்தது. ரப்பர் அளவு கூடுதலாக உள்ள, நடுத்தரக் கல் குறைந்த கலவைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015-இல் வழிகாட்டி வெளியிட்டது. 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி, டயர் தயாரிப்பவரும் இறக்குமதியாளரும் பழைய டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்தக் கணக்கில் சேரும் பொருள்களில் சி.ஆர்.எம்.பி.யும் ஒன்று.

நம் நடைமுறையில் பலவீனமான இடம் டேங்கர் லாரி. தொலைவில் உள்ள கலவை ஆலையில் தயாராகும் தார் நீண்ட தூரம் பயணம் செய்து, தளத்தில் தொட்டியில் காத்திருக்கிறது. கிளறாமல் நின்றால் ரப்பர் அடியில் படியும். அப்போது தொட்டியிலிருந்து ஒரு நேரம் வரும் தார் வெறும் தார். இன்னொரு நேரம் வருவது ரப்பர்க் குழம்பு. சாலையின் ஒரு நூறு மீட்டர் நன்றாகவும் அடுத்த நூறு மீட்டர் மோசமாகவும் இருக்கும். இதைப் பிடிக்கவும் ஒரு சோதனை உண்டு: செங்குத்தான குழாயில் கலவையைச் சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு உறையவைத்து, மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித்தனியே எஃகுக் குண்டு சோதனைக்கு உட்படுத்துவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் அந்தத் தார் பிரிகிறது என்று பொருள்.

உங்கள் ஊர்ச் சாலைக்கான ஒப்பந்தப்புள்ளியில் சி.ஆர்.எம்.பி. 60 என்று எழுதியிருந்தால், கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் தேதியில் எந்த டேங்கரில் தார் வந்தது, தளத்தில் எடுத்த மாதிரியின் மென்மையாகும் வெப்பநிலை என்ன, தொட்டியில் கிளறும் கருவி ஓடுகிறதா. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சோதனைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது.